சாவி முழுதாகப் பொருந்தாத பூட்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பேச வந்தவர் தம் துறையின் சாதனைகளை அடுக்கிச் சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு வீடு திரும்புவது வழக்கம். எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும். ஒரு நொதி தன் தளப்பொருளை, அதாவது தான் மாற்ற வேண்டிய மூலக்கூறை, எப்படி அடையாளம் காண்கிறது?

செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைச் சிறு மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றில் பல ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருப்பவை. நொதிக்குக் கண் கிடையாது. தேடிப் போகவும் அதனால் முடியாது. தன்மேல் வந்து மோதுகிறவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து, மாற்றி, விட்டுவிடுகிறது. எப்படி என்று கேட்டால் பள்ளிக்கூடத்திலேயே விடை சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்: பூட்டும் சாவியும். நாமும் படம் போட்டு, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்த விடைக்கு வயது 130 ஆண்டுக்கு மேல். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் சாவி எந்த இடத்தில் பூட்டோடு பொருந்தாமல் நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் நொதியின் வேலையே நடக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில், அந்த உவமையைச் சொன்ன மனிதர். எமில் ஃபிஷர் 1892இல் பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோதே சர்க்கரை வேதியியலில் அவரை மிஞ்ச ஆளில்லை. குளுக்கோஸில் எந்தக் கார்பனில் உள்ள தொகுதி எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதை, எக்ஸ் கதிர்ப் படிகவியல் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே, சோதனைக் குழாயையும் தர்க்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு சொன்னவர். 1894இல் அவர் செய்த சோதனை மிக எளியது. குளுக்கோஸோடு மெத்தனாலை இணைத்தால் இரண்டு பொருள்கள் கிடைக்கும். இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே வரிசை. ஒரே ஒரு கார்பனில் தொங்கும் தொகுதி ஒன்றில் கீழ்நோக்கியும் மற்றொன்றில் மேல்நோக்கியும் இருக்கும். முன்னது ஆல்ஃபா, பின்னது பீட்டா.

ஈஸ்ட்டிலிருந்து எடுத்த நொதி ஆல்ஃபாவை உடைத்தது, பீட்டாவைத் தொடவில்லை. பாதாம் பருப்பிலிருந்து எடுத்த எமல்சின் பீட்டாவை உடைத்தது, ஆல்ஃபாவைத் தொடவில்லை. குளுக்கோஸின் ஆடிப் பிம்பமான இடக்கை வடிவத்திலிருந்து செய்த பொருளை இரண்டுமே சீண்டவில்லை. ஒரு தொகுதியின் திசை மாறினால் போதும், நொதி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதைக் கண்ட பிறகுதான் பூட்டும் சாவியும் போல இரண்டின் வடிவமும் இசைந்திருக்க வேண்டும் என்று ஃபிஷர் எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாவியின் ஒவ்வொரு பல்லும் அவருக்குத் தெரியும். பூட்டைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. நொதி என்பது புரதம் என்பதே அப்போது நிலைநாட்டப்படவில்லை. அதற்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர். இடக்கைப் பழக்கக்காரர் வேறு. வேதியியல் உனக்கு ஒத்துவராது என்று அறிவுரை சொல்லப்பட்ட அவருக்கு 1946இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஃபிஷரின் பீட்டா சோதனையை நம் சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயிகள் வேறு வழியில் அறிவார்கள். மரவள்ளித் தழையைத் தின்ற ஆடு சுருண்டு விழுவதைப் பார்த்திருப்பார்கள். மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ், அதோடு பீட்டா திசையில் பிணைந்த ஒரு சிறு துண்டு. அந்தத் துண்டுக்குள் சயனைடு ஒளிந்திருக்கிறது. இதை உடைக்கும் நொதியான லினமாரேஸ் பாதாம் எமல்சினின் வகையைச் சேர்ந்தது. செடிக்குள் இரண்டும் சந்திப்பதில்லை: லினமாரின் செல்லின் நுண்குமிழியில், நொதி செல்சுவரில். ஆடு கடித்து மென்றதும் தடுப்பு உடைகிறது, நொதி பீட்டா பிணைப்பைக் கண்டுகொள்கிறது, ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. கிழங்கைத் துருவி, ஊறவைத்து, பிழிந்து, காயவைத்துப் பக்குவப்படுத்தும் முறைகள் எல்லாம் இந்த நொதியை முழுதாக வேலை செய்யவிட்டு நஞ்சைக் கழுவி ஓட்டும் முறைகள். அரிசிச் சோற்றை நாமும் வைக்கோலை மாடும் தின்பதற்குப் பின்னாலும் இதே ஆல்ஃபா பீட்டா கணக்குதான் நிற்கிறது. மாட்டுக்கும் சொந்தமாக அந்த பீட்டா நொதி கிடையாது. அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுடையது அது.

பூட்டு உவமையை இன்னும் ஓர் அடி முன்னே நகர்த்தியவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். சிட்ரிக் அமிலம் சமச்சீரானது. அதன் இரு முனைகளும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் கதிரியக்கக் கார்பனால் ஒரு முனையைக் குறியிட்டுப் பார்த்தபோது, நொதி எப்போதும் குறிப்பிட்ட ஒரு முனையில்தான் வேலை செய்தது. அப்படியானால் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வினைப்பாதையில் சிட்ரிக் அமிலம் இருக்கவே முடியாது என்று சிலர் அதை விலக்கிவைத்தார்கள். 1948இல் ஆக்ஸ்டன் எழுதிய கட்டுரை மிகச் சிறியது. மூலக்கூறை நொதி வெவ்வேறு தன்மையுள்ள மூன்று புள்ளிகளில் தொட்டால், சமச்சீரான பொருளின் இரு முனைகளும் நொதியின் பார்வையில் ஒன்றாக இருக்க முடியாது என்றார். வேறுபாடு பொருளிடம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பிடிக்கிற கை சமச்சீரற்றதாக இருந்தால் போதும். ஆய்வுக்கூடத்துக்குள் நுழையாமல், தாளில் மட்டும் யோசித்துத் தீர்க்கப்பட்ட உயிர்வேதியியல் புதிர்கள் குறைவு. அவற்றில் இது ஒன்று.

இதுவரை எல்லாம் பூட்டுக்குச் சாதகம். இனி சிக்கல்.

ஒரு பொருளை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்ல நொதி என்று தோன்றும். முட்டை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடிக்கும் பிடி, உயிர்வேதியியலில் நாம் அறிந்த மிக வலுவான பிடிகளில் ஒன்று. லிட்டருக்குப் பத்துக் கோடிக் கோடியில் ஒரு பங்கு மோல் அளவிலேயே, அதாவது 10இன் அடுக்கு –15 மோலார் செறிவிலேயே, பாதி இடங்கள் நிரம்பிவிடும். பூட்டுக்குச் சாவி இதைவிடப் பொருந்த முடியாது. ஆனால் அவிடின் பயோட்டினை ஒன்றும் செய்வதில்லை. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பச்சை முட்டையை நாள்தோறும் குடிப்பவருக்குப் பயோட்டின் குறைபாடு வருவதற்குக் காரணம் இதுதான்.

வேலை செய்கிற நொதிகள் இப்படிப் பிடிப்பதில்லை. 1913இல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும் கனடாவிலிருந்து வந்த மாட் மென்டெனும் சர்க்கரையை உடைக்கும் நொதியை அளந்து ஒரு சமன்பாடு எழுதினார்கள். இங்குள்ள மாணவர்கள் அதைத் தூக்கத்திலும் சொல்வார்கள். நான் விளக்கப் போவதில்லை. நமக்கு வேண்டியது அதிலிருந்து வரும் ஒரு செய்தி. பெரும்பாலான நொதிகளின் மைக்கேலிஸ் மாறிலி மைக்ரோமோலாருக்கும் மில்லிமோலாருக்கும் நடுவில் இருக்கிறது. அவிடினோடு ஒப்பிட்டால் இது மிகத் தளர்ந்த பிடி. தளப்பொருள் வருகிறது, ஒட்டுகிறது, பாதி நேரம் எதுவும் நடக்காமலே கழன்றும் போய்விடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமம் இதை ஏன் இறுக்கவில்லை?

விடையின் முதல் வடிவத்தை 1930இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் தம் நொதிகள் பற்றிய நூலில் சொன்னார். பின்னாளில் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, கல்கத்தாவில் பணியாற்றி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். சாவி பூட்டுக்குள் முழுதாகப் பொருந்துவதில்லை, கொஞ்சம் நெருக்குகிறது என்பது அவர் கருத்து. இதைத் தெளிவாக்கியவர் லைனஸ் பாலிங். ஒரு வேதிவினையில் பழைய பிணைப்பு அறுந்தும் அறாமலும், புதிய பிணைப்பு உண்டாகியும் உண்டாகாமலும் இருக்கிற ஒரு கணம் உண்டு. மாறுநிலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிணைப்பு ஒரு முறை அதிரும் நேரம்கூட அது நிலைப்பதில்லை. நொதியின் வடிவம் தளப்பொருளுக்கு ஏற்றதன்று, அந்த மாறுநிலைக்கு ஏற்றது என்று 1946இலும் 1948இலும் பாலிங் எழுதினார்.

ஆற்றல் கணக்கைப் பார்த்தால் இது வேறு எப்படியும் இருக்க முடியாது என்பது புரியும். தளப்பொருளோடு நொதி முழுதாகப் பொருந்திவிட்டால் தளப்பொருள் வசதியாக ஒரு பள்ளத்தில் அமர்ந்துவிடும். வினை நடக்க அது ஏறவேண்டிய உயரம் கூடிவிடும். அவிடினின் நிலை அதுதான். தளப்பொருளோடு அரைகுறையாகப் பொருந்தி, அது மாறத் தொடங்கும்போது மட்டும் முழுதாகப் பொருந்தினால்தான் ஏறவேண்டிய உயரம் குறையும். ஆகவே நொதி தேர்ந்தெடுப்பது உள்ளே வந்த பொருளை விடவும் அது ஆகப்போகிற பொருளைத்தான். என் மாணவப் பருவத்துப் பாடநூல்களில் இந்தக் கருத்து ஓர் அடிக்குறிப்பாக இருந்தது. பூட்டுப் படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. இன்றும் பல நூல்களில் அந்த விகிதம் மாறவில்லை.

1965இல் முதன்முறையாக ஒரு நொதியின் உருவத்தை அணு அணுவாகப் பார்க்க முடிந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவிட் பிலிப்ஸின் குழு, கோழிமுட்டை லைசோசைமின் எக்ஸ் கதிர் வடிவத்தை வெளியிட்டது. சளியிலும் கண்ணீரிலும் இருக்கும் இந்த நொதியை அதற்கு 40 ஆண்டுகளுக்கும் முன்பே கண்டவர் பெனிசிலின் புகழ் ஃப்ளெமிங். இது பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைச் சங்கிலியை அறுக்கும். லூயிஸ் ஜான்சன் என்ற இளம் ஆய்வாளர் அதில் சர்க்கரைத் துண்டுகளை ஒட்டவைத்துப் படம் பிடித்தார். நொதியின் குறுக்கே ஒரு நீண்ட பிளவு, அதில் ஆறு சர்க்கரை வளையங்கள் அமர ஆறு இடங்கள். மாதிரி உருவம் கட்டிப் பார்த்தபோது ஐந்து வளையங்கள் சிரமமின்றி அமர்ந்தன. நான்காவது இடத்தில் மட்டும் வளையம் தன் இயல்பான வடிவில் நுழைய மறுத்தது. அதைத் தட்டையாக்கினால்தான் இடம் கொடுத்தது. சங்கிலி அறுபடுவது சரியாக அந்த வளையத்தை ஒட்டித்தான். அறுபடும் கணத்தில் வளையம் எடுக்க வேண்டிய வடிவமும் அந்தத் தட்டை வடிவம்தான். பிலிப்ஸ் சொன்ன வினைவழியின் ஒரு பகுதி 2001இல் திருத்தப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது இடத்தின் நெருக்கடி மட்டும் திருத்தத்துக்குப் பின்னும் அப்படியே நிற்கிறது.

பாலிங் சொன்னது சரியென்றால், மாறுநிலையைப் போன்ற தோற்றமுள்ள, ஆனால் வினைபுரியாத ஒரு பொருளைச் செய்து கொடுத்தால் நொதி தன் சொந்தத் தளப்பொருளை விட இறுக்கமாக அதைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறது. புரோலின் என்ற அமினோ அமிலத்தின் இடக்கை வடிவத்தை வலக்கையாக்கும் நொதி ஒன்று உண்டு. கை மாறும் கணத்தில் அந்தக் கார்பன் தட்டையாக வேண்டும். இயல்பிலேயே தட்டையான பிரோல் கார்பாக்சிலேட்டை அந்த நொதி புரோலினைவிட 160 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. இன்ஃபுளுவென்சாவுக்குத் தரப்படும் ஓசெல்டாமிவிர் மாத்திரையும் இந்தக் கொள்கையில் பிறந்தது. வைரஸின் நியூராமினிடேஸ் நொதி சர்க்கரை ஒன்றை வெட்டும்போது தோன்றும் தட்டையான மாறுநிலையை அது நடித்துக் காட்டுகிறது. நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்கிறது, பிறகு விடுவதில்லை. (இந்த மருந்துக்கு நெடுங்காலம் மூலப்பொருளாக இருந்த ஷிகிமிக் அமிலத்தை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து.)

பாலிங் கருத்தோடு இன்னொரு சிக்கலும் தீர வேண்டியிருந்தது. அதைக் கேள்வியாக மாற்றியவர் டேனியல் காஷ்லண்ட். ஹெக்சோகைனேஸ் என்ற நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து குளுக்கோஸின் ஒரு –ஓஎச் தொகுதியில் ஒட்டுகிறது. தண்ணீரிலும் –ஓஎச் இருக்கிறது. வேதியியல் நோக்கில் பெரிய வேறுபாடு இல்லை. குளுக்கோஸ் நுழைகிற துளைக்குள் அதைவிட எத்தனையோ சிறிய தண்ணீர் தாராளமாக நுழையும். செல்லில் தண்ணீரின் செறிவோ ஏறத்தாழ 55 மோலார். அப்படியானால் இந்த நொதி பாஸ்பேட்டைத் தண்ணீருக்குக் கொடுத்து செல்லின் ஏ.டி.பி. முழுவதையும் வீணடித்திருக்க வேண்டும். ஏன் அப்படி நடக்கவில்லை? பூட்டு உவமையிடம் இதற்குப் பதில் இல்லை. பெரிய சாவியை அது தடுக்கும்; துளைக்குள் போய்வரும் எறும்பை அதனால் தடுக்க முடியாது.

1958இல் காஷ்லண்ட் சொன்ன பதில்: குளுக்கோஸ் வருவதற்கு முன், நொதியில் வினை நடக்கும் இடமான கிளர்வு மையம் முழுமையான வடிவில் இருப்பதே இல்லை. குளுக்கோஸ் வந்து அமரும்போதுதான் புரதம் அதைச் சுற்றி மடங்கி, வினைபுரிய வேண்டிய தொகுதிகள் தத்தம் இடத்துக்கு வருகின்றன. தண்ணீருக்கு அந்த மடங்கலைத் தூண்டும் உடல் இல்லை. அந்நாளில் இது வெறும் ஊகம், பலர் ஏற்கவில்லை. 1970களில் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ் ஈஸ்ட் ஹெக்சோகைனேஸைக் குளுக்கோஸ் இல்லாமலும் குளுக்கோஸோடும் படம் பிடித்தார். குளுக்கோஸ் வந்ததும் நொதியின் ஒரு மடல் 12 பாகை திரும்பி, சில இடங்களில் 8 ஆங்ஸ்ட்ராம் வரை நகர்ந்து, பிளவை மூடிவிடுகிறது. குளுக்கோஸைப் போலவே இருந்து அந்த –ஓஎச் தாங்கிய கார்பன் தொகுதி மட்டும் இல்லாத சைலோஸைக் கொடுத்துப் பார்த்தால் இன்னும் சுவையானது நடக்கிறது. நொதி அதைச் சுற்றி மூடிக்கொள்கிறது. விடுபட்ட இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து நிற்கிறது. ஏ.டி.பி. வீணாகத் தொடங்குகிறது. காஷ்லண்ட் கேட்ட தண்ணீர்க் கேள்விக்கு நொதியே சொன்ன சாட்சியம் இது.

நொதியின் உடல் தளப்பொருள் வருவதற்கு முன்பே பல வடிவங்களுக்கு இடையில் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, தளப்பொருள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்துகிறது என்று வாதிடுவோரும் உண்டு. நொதிக்கு நொதி இரண்டில் ஏதோ ஒன்றோ, இரண்டும் கலந்தோ நடக்கின்றன என்பதே இன்றைய நிலை. இதே ஸ்டைட்ஸோடு 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். புரதத்தைக் கட்டும் ரைபோசோம், அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் சரியான டி.ஆர்.என்.ஏ.வை எப்படி ஏற்கிறது என்று அவருடைய கேம்பிரிட்ஜ் குழு காட்டியதும் இந்தக் கதையின் தொடர்ச்சியாகவே இருந்தது. இரண்டு அடினைன்கள் வெளியே புரண்டு வந்து, கோடானும் எதிர்க்கோடானும் சேர்ந்த இணையின் வடிவத்தைத் தடவிப் பார்க்கின்றன. சரியாக இருந்தால் ரைபோசோமின் சிறு அலகு மூடிக்கொள்கிறது.

இனி நான் மிகவும் விரும்பும் ஒரு சோதனை. நம் சிறுகுடலில் வேலை செய்யும் டிரிப்சின், கைமோடிரிப்சின் இரண்டும் உடன்பிறப்புகள். புரதச் சங்கிலியை வெட்டுவது இரண்டுக்கும் தொழில். வெட்டும் கருவியும் ஒன்றே: ஒரு செரின், ஒரு ஹிஸ்டிடின், ஓர் ஆஸ்பார்டிக் அமிலம். வெட்டும் இடம் மட்டும் வேறு. டிரிப்சின், நேர்மின்னூட்டம் கொண்ட லைசினையோ ஆர்ஜினினையோ அடுத்து வெட்டும். கைமோடிரிப்சினுக்கு ஃபினைல் அலனின், டைரோசின் போன்ற பருத்த, எண்ணெய்ப் பசையுள்ள பக்கச் சங்கிலிகள் வேண்டும். காரணம் பாடநூலில் அழகாக இருக்கிறது: வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பை. டிரிப்சினின் பை அடியில், 189ஆம் இடத்தில், எதிர்மின்னூட்டம் கொண்ட ஆஸ்பார்டிக் அமிலம். கைமோடிரிப்சினில் அதே இடத்தில் மின்னூட்டமில்லாத செரின். மூன்றாவது உடன்பிறப்பான எலாஸ்டேஸில் பையின் வாயையே இரண்டு அமினோ அமிலங்கள் அடைத்திருப்பதால் அலனின் போன்ற சிறியவை மட்டும்தான் நுழைய முடியும்.

இதைப் படித்த எவருக்கும் அடுத்து என்ன தோன்றும்? டிரிப்சினின் 189ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலத்தை எடுத்துவிட்டு செரினை வைத்தால் கைமோடிரிப்சின் ஆகிவிட வேண்டும். 1980களில் மரபுப் பொறியியல் கைக்கு வந்ததும் செய்து பார்த்தார்கள். ஆகவில்லை. டிரிப்சின் தன் பழைய வேலையை மறந்தது. புதிய வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை. 1992இல் சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் ரட்டரின் ஆய்வகத்தில் லிஸ்பெத் ஹெட்ஸ்ட்ரோம் வேறொன்று செய்தார். பையோடு சேர்த்து, நொதியின் புறப்பரப்பில் உள்ள இரண்டு கண்ணிகளையும் கைமோடிரிப்சினுடையதாக மாற்றினார். அந்தக் கண்ணிகள் தளப்பொருளைத் தொடுவதே இல்லை. டிரிப்சின் அப்போதுதான் கைமோடிரிப்சினைப் போல வெட்டத் தொடங்கியது.

அதைவிட முக்கியமானது அளவீட்டில் வந்தது. மாற்றப்பட்ட நொதி தளப்பொருளை ஒட்டிக்கொள்ளும் திறனில் இன்னும் மோசமாகவே இருந்தது. திருந்தியது, ஒட்டியதற்குப் பிறகு வரும் வெட்டும் படி. ஆக, இந்த நொதி ஆள் பார்ப்பது வாசலில் இல்லை. சரியான பக்கச் சங்கிலி பையில் அமரும்போது வெட்டப்பட வேண்டிய பிணைப்பு கத்திக்கு நேராக வருகிறது; தவறானது அமர்ந்தால் ஒரு நூலிழை விலகி நிற்கிறது. வேலை செய்யும்போதுதான் அடையாளம் தெரிகிறது. புரதங்களின் மடிந்த வடிவத்தை இன்று கணினி நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. 2024 வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி அதற்குத்தான் போனது. மகிழ்ச்சிதான். ஆனால் அது காட்டுவது அசையாத உருவம். தளப்பொருளைத் தொடாத ஒரு கண்ணி ஏன் தேர்வை முடிவு செய்கிறது என்பதை அந்த உருவத்திலிருந்து படிக்க நமக்கு இன்னும் தெரியவில்லை.

ஒட்டுதலால் மட்டும் எவ்வளவு தூரம் வேறுபடுத்த முடியும் என்பதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. ஐசோலூசின், வாலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கும் வேறுபாடு ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். ஐசோலூசினை டி.ஆர்.என்.ஏ.வில் ஏற்றும் நொதியில், ஐசோலூசினுக்குச் செய்த பையில் வாலின் கொஞ்சம் தொளதொளவென்று அமர்ந்துகொள்ளும். பெரியதைத் தடுப்பது எளிது, சிறியதைத் தடுப்பது கடினம் என்று 1957இல் பாலிங்கே எச்சரித்திருந்தார். ஆனால் உண்மையில் புரதம் கட்டப்படும்போது ஐசோலூசின் இடத்தில் வாலின் நுழையும் தவறு ஏறத்தாழ 3000க்கு ஒன்று. ஒட்டுதல் கணக்கால் இந்தத் துல்லியம் வராது. ஆலன் ஃபெர்ஷ்ட் இதை இரட்டைச் சல்லடையாக விளக்கினார். முதல் பை ஐசோலூசினைவிடப் பெரியவற்றைத் தள்ளுகிறது. அதே நொதியில் வேறோர் இடத்தில் இரண்டாம் பை. அதற்குள் ஐசோலூசின் நுழையாது, வாலின் நுழையும். நுழைந்த வாலின் வெட்டி எறியப்படுகிறது. 1998இல் டோக்கியோ ஆய்வாளர்கள் இரண்டு பைகளையும் படிகத்தில் காட்டினார்கள். தவறைப் பிடித்துத் திருத்தச் செல் கூடுதலாக ஏ.டி.பி. செலவிடுகிறது.

எல்லா நொதியும் இவ்வளவு கண்டிப்பானதில்லை. நம் கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ், பல வகை ஆல்கஹால்களை ஏற்கும். எத்தனால் போனால் அசிட்டால்டிஹைடு ஆக்குகிறது. மெத்தனால் போனாலும் தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது: ஃபார்மால்டிஹைடு, அதிலிருந்து இன்னொரு நொதியால் ஃபார்மிக் அமிலம். பார்வை நரம்பைக் கெடுப்பதும் உயிரை எடுப்பதும் அந்த ஃபார்மிக் அமிலம். மெத்தனால் அதுவாகவே இருந்திருந்தால் பெரும் கேடு இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் அறிவோம். சாராயம் காய்ச்சியவர்கள் செய்த கொலைக்கு நொதியைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் மருத்துவம் புகும் இடம் இந்த நொதிதான். அது மெத்தனாலைவிட எத்தனாலை மிக எளிதாகப் பிடிக்கும். ஆகவே மருத்துவக் கண்காணிப்பில் அளவோடு எத்தனால் கொடுத்தால் கிளர்வு மையங்களை அது நிரப்பிக்கொள்ளும். மெத்தனால் மாறாமலே மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேற அவகாசம் கிடைக்கும். ஃபோமெபிசோல் என்ற மருந்து அதே இடத்தை இன்னும் உறுதியாக அடைக்கிறது. இரண்டுக்கும் நேரம்தான் எல்லாம். ஃபார்மிக் அமிலம் உண்டான பிறகு பூட்டை அடைத்து அதிகப் பயன் இல்லை.

கடைசியாக, உலகில் மிக அதிகமாக உள்ள நொதிகளில் ஒன்றும், மிக அதிகமாகத் தவறு செய்வதுமான ரூபிஸ்கோ. பச்சை இலையில் கரையும் புரதத்தில் பாதி வரை இதுவாகவே இருக்கலாம். காற்றின் கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஐந்து கார்பன் சர்க்கரை ஒன்றில் ஒட்டுவது இதன் வேலை. நம் ரத்தத்தின் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொடிக்குப் பத்து லட்சம் முறை வினைபுரிகிறது. பயிர்களின் ரூபிஸ்கோ நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. அதிலும் வெப்பமான பகலில் நான்கில் ஒரு முறை போலக் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனை எடுத்து ஒட்டிவிடுகிறது. அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சத்தை இழக்கிறது.

இந்த நொதியைச் சோம்பேறி, மூடன் என்றெல்லாம் ஏசுவது எங்கள் துறையில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் நிலையில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு மூன்று அணுக்கள் ஒரே கோட்டில் நிற்கும், மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு. ஆக்சிஜனோ இரண்டு அணு. பிடிக்க ஒரு காது, ஒரு கொம்பு இரண்டிலும் இல்லை. பூட்டு செய்ய இங்கே சாவியே கிடையாது. அதனால் ரூபிஸ்கோ வாயுவைப் பிடிப்பதே இல்லை. சர்க்கரையைப் பிடித்து, வினைக்குத் தயார் செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், 0.04 சதவீதம்தான் கார்பன் டை ஆக்சைடு. எது வந்து மோதினாலும் வினை தொடங்கிவிடும். வேறுபாடு காட்ட இருக்கும் ஒரே இடம் மாறுநிலை. கார்பன் டை ஆக்சைடு சேரும் கணத்தின் வடிவத்தை நொதி எவ்வளவு நெருக்கமாக அணைக்கிறதோ அவ்வளவு ஆக்சிஜன் தவிர்க்கப்படும். ஆனால் அந்த அணைப்பு இறுகினால் உண்டான விளைபொருளும் சீக்கிரம் பிரியாது. வேகம் இன்னும் குறையும். இந்தப் பேரத்தில் ஒவ்வோர் உயிரின் ரூபிஸ்கோவும் தன் சூழலுக்கு ஏறக்குறையச் சிறந்த இடத்தில்தான் நிற்கிறது என்று 2006இல் கிராஹம் ஃபார்குவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு ஆகியவை இதற்கு வேறு வழி கண்டன. நொதியை மாற்றாமல் அதன் அறையை மாற்றின. கார்பன் டை ஆக்சைடை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, உள்ளறைச் செல்களுக்குக் கடத்தி, அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றி அதன் செறிவைப் பல மடங்கு கூட்டிவிடுகின்றன. நெல்லுக்கு அந்த ஏற்பாடு இல்லை. வெயில் கூடக் கூட நெல்லின் ரூபிஸ்கோ அதிகமாகத் தடுமாறும். சில சிவப்புப் பாசிகளின் ரூபிஸ்கோ நெல்லுடையதைவிடக் கறாராக ஆக்சிஜனைத் தவிர்க்கிறது. ஆனால் அதை எடுத்து வந்து பயிரின் பசுங்கணிகத்தில் வைத்தால் புரதம் சரியாகச் சேர்ந்து உருவெடுப்பதில்லை, அதற்கு வேண்டிய துணைப் புரதங்கள் அங்கே இல்லை. 2017இல் மியூனிக் அருகே மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மனஜித் ஹேயர் ஹார்ட்டலின் குழு பல துணைப் புரதங்களைச் சேர்த்துத் தந்து, ஒரு செடியின் ரூபிஸ்கோவை முதன்முறையாக ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் முழுதாக உருவாக்கிக் காட்டியது. அதுவரை இந்த நொதியில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு செடியையே மாற்றி வளர்க்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு பாக்டீரியாக் குடுவை போதும். டிரிப்சினில் செய்ததைப் போலப் பையை மட்டுமல்லாமல் தொலைவில் உள்ள கண்ணிகளையும் ஒவ்வொன்றாக மாற்றி அளக்கும் வேலை அங்கே தொடங்கியிருக்கிறது.